நெடுந்தீவுப் படகிலும் திறக்க வேண்டிய நாட்காட்டி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீடுகளுக்கும் கடைகளுக்கும் சூரிய மின்தகடு பொருத்திக் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றை நடத்துகிறோம். மொத்தம் ஏழு பேர். அவர்களில் நால்வர் நெடுந்தீவு முதல் கிளிநொச்சி வரை நாளாந்தம் வெளியில் நிற்பவர்கள். இணையத்தளம் செய்தபோது அதனோடு இலவசமாகக் கிடைத்த மின்னஞ்சலையே நிறுவனப் பெயரில் பயன்படுத்துகிறோம். ஒருவருடைய கைத்தொலைபேசிக்கு வந்த மின்னஞ்சல் அலுவலகக் கணினிக்கு வருவதில்லை. வேலை நாட்களை டயறியில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். சென்ற மாதம் கொடிகாமத்தில் ஒரே வீட்டு வாசலில் எங்களுடைய இரண்டு பேர் சந்தித்துக்கொண்டார்கள். வேலணை வீட்டுக்கு ஒருவரும் போகவில்லை. எல்லோரிடமும் இருப்பது அண்ட்ரொய்ட். என்னிடம் மட்டும் ஐபோன். கணக்காளர் அலுவலகக் கணினியில் அவுட்லுக் பயன்படுத்துகிறார். மின்னஞ்சல் சேவைக்குக் கூகுள், மைக்ரோசொப்ட், ஸோஹோ என்று மூன்றைச் சொல்கிறார்கள். எதை எடுப்பது? – சுன்னாகம் வாசகர்

பதில்: எதை எடுப்பது என்பதற்கு முன்னர், இப்போது என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கருவிக்கு வந்த மின்னஞ்சல் மற்றக் கருவிக்கு வராமல் போவது பெரும்பாலும் ‘பொப்’ என்ற பழைய முறையினால்தான். அந்த முறை, மின்னஞ்சல் முதலில் வந்துசேரும் மையக் கணினியான சேவரிலிருந்து அதை இறக்கி எடுத்துவிட்டு, வேறு விதமாக அமைக்காவிட்டால், சேவரிலிருந்த பிரதியை அழித்துவிடும். ஒரு வீட்டில் ஒரு கணினி, அதிலும் தொலைபேசிக் கம்பியூடாகச் சில நிமிட இணைப்பு என்றிருந்த காலத்துக்கு அது பொருத்தமாகவே இருந்தது. மார்க் கிறிஸ்பின் 1986இல் வடிவமைத்த ‘ஐமெப்’ முறை இதற்கு நேர்மாறானது. அதில் மின்னஞ்சல்கள் சேவரிலேயே இருக்கும், கைத்தொலைபேசியும் கணினியும் அவற்றைப் பார்க்கும் சன்னல்களாக மட்டும் இருக்கும். உங்களுக்கு இணையத்தளம் செய்து தந்தவரிடம் இன்றைக்கே ஐமெப் உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் இந்த ஒரு தொல்லை காசு செலவில்லாமலே தீர்ந்துவிடும். இதைச் சொல்லாமல் மாதச் சந்தா கட்டும்படி உங்களிடம் சொல்வது நேர்மையாகாது.

ஆனால் கொடிகாமத்தில் நடந்தது அதனால் தீராது. ஐமெப் மின்னஞ்சலை மட்டுமே சுமக்கும். நாட்காட்டியையும் தொடர்பு விபரங்களையும் சுமக்காது. அவற்றை எல்லோருடைய தொலைபேசியிலும் ஒரே நிலையில் வைத்திருக்க வேறு வழி வேண்டும்: 2007இல் நியமமாக வந்த ‘கல்டாவ்’, அல்லது மைக்ரோசொப்டின் ‘அக்டிவ்சிங்க்’, அல்லது சேவை வழங்குநர் தரும் செயலி. இணையத்தளத்தோடு இலவசமாக வரும் மின்னஞ்சலில் இந்தப் பகுதி பல இடங்களில் இல்லை. இருந்தாலும் ஏழு பேர் பகிர்ந்து வேலை செய்யுமளவுக்கு இருப்பதில்லை. எனவே நீங்கள் சந்தா கொடுத்து வாங்கப்போவது உண்மையில் மின்னஞ்சலை அல்ல, நாட்காட்டியையே என்று எண்ணிக்கொண்டு தெரிவு செய்யுங்கள். கடைக்காரர்கள் எத்தனை கிகாபைட் இடம் என்று விளம்பரம் செய்வார்கள். உங்கள் தொழிலுக்கு அது கடைசியாகப் பார்க்கவேண்டிய விடயம்.

நாட்காட்டி எப்படி அமைய வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் எந்த நிறுவனத்தை எடுத்தாலும் பயன் இதில்தான் தங்கியிருக்கிறது. ஒவ்வொரு தொழில்நுட்பவியலாளருக்கும் ஒரு நாட்காட்டி இருக்கட்டும். பட்டா போன்ற சிறிய சரக்கு வாகனம் உங்களிடம் இருந்தால் அதற்கும் தனியே ஒன்று இருக்கட்டும். இரண்டு வேலைக்கு ஒரே வாகனத்தைப் பதிந்தால் அது திரையிலேயே தெரிந்துவிடும். அலுவலகத்தில் ஒருவர் மட்டும் வேலைகளைப் பதியும் உரிமையுடையவராகவும், மற்றவர்கள் பார்க்க மட்டும் உரிமையுடையவர்களாகவும் இருப்பது நல்லது. தலைப்பில் வேலையின் பெயரும் ஊரும், இடத்துக்குரிய கட்டத்தில் முழு முகவரி, குறிப்புப் பகுதியில் வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கம், கூரை ஓடா அஸ்பெஸ்டஸா, நாய் கட்டியிருக்கிறதா என்பது வரை எழுதுங்கள். குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்கு நிற்கும் பையன் அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்கக்கூடிய எல்லாக் கேள்விக்கும் விடை அந்த ஒரு பதிவுக்குள் இருக்க வேண்டும், ஏனெனில் படகு புறப்பட்ட பின்னர் அவரால் அழைக்க முடியாமல் போகலாம்.

அதனாலேயே நான் எல்லோருக்கும் ஒரு பரீட்சையைச் சொல்லிவருகிறேன். வாங்குவதற்கு முன்னர் பரீட்சார்த்தக் காலத்தில் ஒரே ஒரு தொலைபேசியில் கணக்கை அமையுங்கள். கூகுள் இதற்கு 14 நாட்கள் தருகிறது. பின்னர் தொலைபேசியை விமானப் பயண நிலையில் போட்டுவிட்டு, நாளைய வேலையின் முகவரியைத் திறந்து பாருங்கள். நேற்று வந்த மின்னஞ்சலோடு இணைத்திருந்த விலைமதிப்பீடு திறக்கிறதா என்று பாருங்கள். இப்படி இணைத்து வரும் கோப்புகள் பல செயலிகளில் முன்கூட்டி இறங்குவதில்லை, ஆகவே புறப்படுமுன் ஒருமுறை திறந்து சேமிக்கும் பழக்கம் வேண்டும். ஒரு பதில் எழுதி அனுப்புங்கள். அது வெளியேறும் பெட்டியில் காத்திருந்து, இணையத் தொடர்பு வந்ததும் தானாகப் போகவேண்டும். பிறகு வெளியிலிருந்து ஒரு மின்னஞ்சல் அனுப்பி, தொலைபேசியைத் தொடாமல் எத்தனை நிமிடத்தில் அறிவித்தல் வருகிறதென்று பாருங்கள். அண்ட்ரொய்ட் தொலைபேசிகள் சிலவற்றில் மின்கலச் சேமிப்பு ஏற்பாடு பின்னணியில் இயங்கும் செயலிகளை நிறுத்திவிடும். திரையைத் திறந்தபிறகுதான் எல்லா மின்னஞ்சலும் ஒன்றாக வந்து விழும். மக்கள் அதைச் சேவையின் குற்றமென்று எண்ணிவிடுகிறார்கள். அஞ்சல் செயலிக்கும் நாட்காட்டிச் செயலிக்கும் அந்தச் சேமிப்பிலிருந்து விலக்களித்தால் தொல்லை தீரும்.

இனி மூன்றுக்கும் வருகிறேன். கூகுளின் வணிகச் சேவை 2006இல் தொடங்கி, பெயர்கள் மாறி, 2020 முதல் ‘வேர்க்ஸ்பேஸ்’ எனப்படுகிறது. உங்களுடைய ஆட்கள் கையில் வைத்திருக்கும் அண்ட்ரொய்ட் தொலைபேசிகளில் ஜிமெயிலும் நாட்காட்டியும் ஏற்கெனவே இருக்கின்றன, பழக்கவேண்டியது குறைவு. உங்களுடைய ஐபோனில் மட்டும் கவனம் வேண்டும்: அப்பிள் தரும் அஞ்சல் செயலியில் கூகுள் கணக்கைச் சேர்த்தால் மின்னஞ்சல் உடனுக்குடன் வராது, குறித்த இடைவெளிகளில்தான் எடுக்கும். ஜிமெயில் செயலியை நிறுவினால் உடனே வரும்.

மைக்ரோசொப்டின் சேவை 2011இல் ‘ஒபிஸ் 365’ என வந்தது. அதன் அடியில் இருப்பது எக்ஸ்சேஞ்ச் என்ற சேவர். நாட்காட்டிப் பகிர்வில் நீண்ட அனுபவமுள்ளது. அப்பிளின் செயலிகளோடும் அக்டிவ்சிங்க் மூலம் மின்னஞ்சல், நாட்காட்டி, தொடர்புகள் மூன்றையும் ஒரே அமைப்பில் உடனுக்குடன் தரும். பல பேர் பார்க்கும் ‘விசாரணை’ போன்ற ஒரு பொதுப் பெட்டியைத் தனிச் சந்தா இல்லாமல் வைத்திருக்கலாம் என்பது சிறு நிறுவனங்களுக்குப் பெரிய வசதி. ஆனால் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் கொடுத்து உள்நுழையும் பழைய வழியை 2022 ஒக்ரோபர் முதல் அவர்கள் மூடத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே மிகப் பழைய தொலைபேசிகளிலும் பழைய அவுட்லுக்கிலும் அது இணையாது. கணக்காளரின் அவுட்லுக் எந்த ஆண்டினது என்று பார்த்துவிடுங்கள். தொடக்கத் திட்டத்தில் கணினியில் நிறுவும் அவுட்லுக் சேர்ந்திருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஸோஹோ 1996இல் வேறு பெயரோடு தொடங்கி, நமக்கு அயலிலுள்ள சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம். அதன் அஞ்சல் சேவை 2008இல் வந்தது. மூன்றிலும் மலிவானது அதுதான், வேலையும் ஒழுங்காகச் செய்கிறது. அதன் இலவசத் திட்டத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதில் ஐமெப்பும் இல்லை, அக்டிவ்சிங்க்கும் இல்லை. உலாவியிலும் அவர்களுடைய சொந்தச் செயலியிலும்தான் பார்க்கலாம். கணக்காளரின் அவுட்லுக் அதோடு இணையாது.

உங்களுடைய நிலைமையில் நான் கூகுளையே எடுப்பேன். வெளியில் நிற்கும் நால்வருக்கும் புதிதாக ஒன்றைப் பழக்க வேண்டியதில்லை என்பதே காரணம். இந்தத் திட்டம் வெல்வதும் தோற்பதும் அந்த நால்வரின் கையில் இருக்கிறது, கணக்காளர் கையில் அல்ல. அவர் உலாவிக்கு மாற இரண்டு கிழமை சலித்துக்கொள்வார், பிறகு பழகிவிடும். மாறாக, உங்கள் விலைமதிப்பீடுகள் எல்லாம் எக்செல்லிலும் அவுட்லுக்கிலும் ஊறியிருந்தால் மைக்ரோசொப்டுக்குப் போங்கள். சிலருக்கு ஒன்று, சிலருக்கு வேறொன்று என்று ஒரே பெயரின் கீழ் கலக்க மட்டும் வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, தொடக்கத் திட்டங்கள் ஒருவருக்கு மாதம் ஒரு டொலரிலிருந்து ஏழெட்டு டொலர் வரை வருகின்றன. கீழ்முனையில் ஸோஹோ, மேல்முனையில் மற்ற இரண்டும். ஏழு பேருக்கு ஆறு டொலர்ப்படி 42 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டொலர் 200 ரூபாவாக இருந்தபோது அது 8,400 ரூபா. 2022இல் டொலர் 360 ரூபாவை அண்டியபோது அதே சேவைக்கு 15,000 ரூபாவுக்கு மேல். எனவே எழுவருக்கும் கணக்கு வேண்டுமா என்று யோசியுங்கள். கூகுளில் ஒரு நாட்காட்டியை வெளியாரின் சாதாரண ஜிமெயில் கணக்கோடும் பகிரலாம். உதவியாளர்கள் இருவர் அப்படிப் பார்த்தால் போதும் என்றால் இரண்டு சந்தா மிச்சம். ஆனால் வாடிக்கையாளரின் முகவரியும் இலக்கமும் அப்போது உங்கள் கட்டுப்பாட்டுக்கு வெளியே போகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய விபரங்களுக்கு வணிகர்களைப் பொறுப்பாக்கவே இயற்றப்பட்டது என்பதால், மிச்சம் பிடிக்கும் இடம் இதுவா என்பதை நன்றாக யோசித்துச் செய்யுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னர், இன்றிரவே பார்க்கவேண்டியது ஒன்றுண்டு: நிறுவனத்தின் இணையப் பெயர் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவது) யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது? நான் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கட்டடப் பொருள் கடைக்கு மின்னஞ்சல் அமைத்துக் கொடுத்தேன். பெயரைப் பதிந்தவர் இணையத்தளம் செய்த இளைஞர். பதிவும் அவருடைய பெயரில், புதுப்பிக்கும் அறிவித்தலும் அவருடைய மின்னஞ்சலுக்கு. நான் அதைச் சரிபார்க்காமல் விட்டது என்னுடைய பிழை. அவர் வெளிநாடு போய்விட்டார், பதிவு காலாவதியானது, கடைக்கு ஒன்பது நாட்கள் ஒரு மின்னஞ்சலும் வரவில்லை. எழுதியவர்களுக்கு ‘அப்படி ஒரு முகவரி இல்லை’ என்று திரும்பிப் போயிருக்கிறது. கடை மூடப்பட்டுவிட்டதென்று கொழும்பிலுள்ள ஒரு விநியோகத்தர் நினைத்து ஓடரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார். சேவை வழங்குநரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பெயர் கைவிட்டுப் போனால் எதையும் மாற்ற முடியாது. பதிவு உங்கள் பெயரில், அறிவித்தல் நிறுவனத்துக்கு வெளியேயுள்ள உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு, நிர்வாகக் கடவுச்சொல் இரண்டு பேரிடம் என்று ஒழுங்கு செய்யுங்கள்.

மாறும்போது ‘எஸ்பிஎப்’, ‘டிகிம்’ என்ற இரண்டு பதிவுகளையும் இணையப் பெயரின் விபரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் மின்னஞ்சல் அனுப்ப இந்தச் சேவருக்கு உரிமையுண்டு, இது வழியில் மாற்றப்படவில்லை என்று பெறுபவருக்கு அவை சாட்சி சொல்கின்றன. 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் இதில் கடுமையாகிவிட்டன. நீங்கள் அனுப்பும் விலைமதிப்பீடுகள் குப்பைப் பெட்டிக்குப் போனால் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுவே. இன்னுமொன்று: பழைய கணக்கை எவருடைய தொலைபேசியிலிருந்தும் அவசரப்பட்டு நீக்கிவிடாதீர்கள். பொப் முறையில் இறங்கிய மின்னஞ்சல்களுக்கு உலகில் உள்ள ஒரே பிரதி அந்தத் தொலைபேசியிலேயே இருக்கலாம். வேண்டியவற்றைப் புதிய முகவரிக்கு அனுப்பிவைத்த பிறகே நீக்குங்கள்.

கேள்வி: மாதச் சந்தா கட்டுவதைவிட ஒரு கணினியை வாங்கி எங்கள் அலுவலகத்திலேயே அஞ்சல் சேவரை வைத்துக்கொண்டால் என்ன? என்னுடைய மகன் கணினி படித்தவர். – நல்லூர் வாசகர்

பதில்: உங்களுடைய மகன் அதை நிறுவிவிடுவார் என்பதில் எனக்கு ஐயமில்லை, அதை இரவும் பகலும் காவல்காப்பதுதான் பாரம். 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றதை நாம் மறக்கவில்லை. அந்த நாட்களில் அலுவலகத்திலிருந்த சேவர் பாதி நாள் செத்துக் கிடந்திருக்கும். வேறிடத்தில் உள்ள சேவரோ தொடர்ந்து மின்னஞ்சலை வாங்கிக்கொண்டிருந்தது, தொலைபேசியில் மின்னேற்றம் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு இணைப்புகளிலிருந்து நேரடியாக வரும் மின்னஞ்சலைப் பெரிய சேவைகள் பெரும்பாலும் ஏற்பதுமில்லை. மகன் பழகுவதற்காக ஒன்றை நிறுவட்டும். வணிகத்தின் கடிதங்களை அதில் வைக்க வேண்டாம்.

கேள்வி: கனடாவிலும் லண்டனிலும் உள்ள வாடிக்கையாளர்களோடு கிழமைதோறும் காணொளியில் கதைக்கிறோம். சில மாதங்களில் ஒருவர் ஒரு மணி நேரம் முந்தியோ பிந்தியோ வந்துவிடுகிறார். நாட்காட்டியில் சரியாகத்தான் எழுதியிருக்கிறோம். என்ன பிழை? – பருத்தித்துறை வாசகர்

பதில்: பிழை உங்களிலும் இல்லை, அவர்களிலும் இல்லை. நம்முடைய மணிக்கூடு ஆண்டு முழுவதும் மாறாது. அவர்களுடையது இரண்டு தடவை மாறும், அதுவும் வெவ்வேறு நாட்களில். ரொறன்ரோ மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாற்றுகிறது. லண்டன் மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும் மாற்றுகிறது. கோடையில் நமக்கு மாலை 7.30 என்றால் ரொறன்ரோவில் காலை 10, லண்டனில் பிற்பகல் 3. அதே 7.30 குளிர்காலத்தில் ரொறன்ரோவில் காலை 9, லண்டனில் பிற்பகல் 2. இடையில் மார்ச்சில் இரண்டு மூன்று கிழமை ரொறன்ரோ மாறியிருக்கும், லண்டன் மாறியிராது. உங்களுடைய குழப்பம் பெரும்பாலும் அந்தக் கிழமைகளில்தான் வந்திருக்கும்.

ஆகவே வட்ஸ்அப்பில் ‘ஏழரைக்கு’ என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, நாட்காட்டியிலிருந்தே அழைப்பை அவர்களுடைய மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அழைப்பு எந்த நேரவலயத்தில் எழுதப்பட்டதென்பதைத் தன்னோடு கொண்டுபோகும். அவர்களுடைய தொலைபேசி அதைத் தங்கள் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். ஆனால் கிழமைதோறும் திரும்பவரும் கூட்டத்துக்கு யாருடைய மணிக்கூடு நிலையானது என்பதை முதலே பேசி முடிவுசெய்ய வேண்டும். யாழ்ப்பாண நேரத்தில் பதிந்தால் குளிர்காலத்தில் ரொறன்ரோ வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் முந்தி எழும்ப வேண்டும். ரொறன்ரோ நேரத்தில் பதிந்தால் குளிர்காலத்தில் நீங்கள் இரவு 8.30க்கு இருக்க வேண்டும். உங்கள் கருவியின் வலயம் சரியா என்றும் பாருங்கள். தொலைபேசியில் கொழும்பு என்றும், விண்டோஸ் கணினியில் ஸ்ரீ ஜெயவர்தனபுர என்றும் இருக்கும். கருவியின் மென்பொருளை இற்றைப்படுத்தி வைத்திருப்பதும் அவசியம், ஏனெனில் நேர மாற்ற விபரங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. நம்முடைய நாட்டிலேயே 1996 மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்தள்ளி, அதே ஆண்டு ஒக்ரோபரில் அரை மணி பின்தள்ளி, 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ‘பழைய நேரமா, புதிய நேரமா’ என்று கேட்டுத்தான் அந்த ஆண்டுகளில் கல்யாண முகூர்த்தத்துக்கும் போனோம்.

கேள்வி: நான் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நிறுவன மின்னஞ்சலை என்னுடைய சொந்தத் தொலைபேசியில் சேர்த்தபோது, ‘தொலைவிலிருந்து எல்லாத் தரவையும் அழிக்க அனுமதி’ கேட்டது. பயந்து நிறுத்திவிட்டேன். சம்மதிக்கலாமா? – கோப்பாய் வாசகி

பதில்: நீங்கள் நின்று வாசித்தது நல்லது, தங்கச்சி. தொலைபேசி தொலைந்தால் வாடிக்கையாளரின் கடிதங்கள் பிறர் கையில் போகக்கூடாது என்பதற்காக நிறுவனங்கள் இந்த உரிமையைக் கேட்கின்றன. கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சில அமைப்புகளில் அழித்தல் என்றால் முழுத் தொலைபேசியும் அழியும், பிள்ளையின் படங்கள் உட்பட. வேறு சில அமைப்புகளில் நிறுவனக் கணக்கு மட்டும் நீங்கும். தொலைபேசியில் ஏற்கெனவே உள்ள அஞ்சல் செயலிக்குப் பதிலாக மைக்ரோசொப்டின் அவுட்லுக் செயலியைப் பயன்படுத்தினால், அதற்குள் இருக்கும் நிறுவனத் தரவை மட்டும் நீக்கும் வழி உண்டு. அண்ட்ரொய்டில் 2014 முதல் ‘வேலைப் பகுதி’ என்று தனியே ஒரு அறை அமைக்கும் வசதியும் இருக்கிறது; நிறுவனம் அந்த அறையை மட்டும் ஆளும், உங்களுடைய படங்களையும் வட்ஸ்அப்பையும் அது பார்க்காது. இந்த இரண்டில் ஒன்றை அமைத்துத் தரும்படி உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள். வேலையை விடும்போது நீக்கப்படுவது எது என்பதை எழுத்தில் தரும்படியும் கேளுங்கள்.

உள்நுழைவுக்கு இரண்டாம் படியாகக் குறுஞ்செய்தியில் இலக்கம் வரும்படி அமைத்திருந்தால், தொலைபேசி தொலையும்போது அந்தச் சிம்மும் சேர்ந்தே தொலையும். குறுஞ்செய்திக்குப் பதிலாக உள்நுழைய உதவும் மாற்று இலக்கங்களைக் கணக்கை அமைக்கும் அன்றே எடுத்து ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டையோடு அல்லாமல், வீட்டு அலுமாரியில் வையுங்கள்.